சோபா குஷனுக்கு நல்ல ஃபோம் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சோபா, திவான், கார் சீட் என்று குஷன் வேலை பார்க்கிறவன் நான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பணம் கொடுத்து, உறை தைத்து, உட்கார்ந்து, குழி விழுந்த பிறகே பெரும்பாலும் அவை வருகின்றன என்பதுதான் என் வருத்தம். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை இங்கே எழுதுகிறேன்.

கடையில் உட்கார்ந்தபோது மெத்துமெத்தென்று இருந்தது. எட்டு மாதத்தில் பலகை தட்டுகிறது. என்ன காரணம்?

கடையில் உணர்ந்தது மென்மை. மென்மை வேறு, தரம் வேறு. நாம் கையால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம். புது ஃபோம் எதுவானாலும் கைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

நாம் ஸ்பாஞ்சு என்றும் ஃபோம் என்றும் சொல்வது பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளரும் அவர் குழுவும் கண்டுபிடித்த பொருள் இது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து கலக்கும்போது கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அந்த வாயு, புளித்த மாவு பொங்குகிற மாதிரி, கலவையைப் பொங்க வைக்கிறது. பொங்கி இறுகியதும் உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளின் சட்டம்தான் நம்மைத் தாங்குகிறது. மிச்சமெல்லாம் காற்று.

மூலப்பொருளைக் குறைத்து அதிகமாகப் பொங்க வைத்தால் சட்டம் மெலிந்துபோகும். கைக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். தினமும் 70 கிலோ ஆள் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த மெல்லிய சட்டங்கள் ஒவ்வொன்றாக முறியும். ஒரு தடவை முறிந்தது எழும்பாது. வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால், மட்டமான ஃபோம் குளிர்ந்த ஊரில் தாங்குகிற அளவுக்கு நம் ஊரில் தாங்காது.

டென்சிட்டி 32, டென்சிட்டி 40 என்கிறார்கள். அது என்ன கணக்கு?

எடைக் கணக்கு, அவ்வளவுதான். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள ஃபோம் கட்டி எத்தனை கிலோ இருக்குமோ அதுதான் டென்சிட்டி. 32 என்றால் 32 கிலோ, 40 என்றால் 40 கிலோ. எண் கூடினால் உள்ளே சரக்கு கூடுதல், காற்று குறைவு.

பத்தமடைப் பாய் வாங்கத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பாயின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் எத்தனை பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல் எத்தனை, என்று கேட்பார்கள். பாவு நெருங்க நெருங்கப் பாய் நேர்த்தியாகும். ஃபோமுக்கு அந்த எண் டென்சிட்டி.

“ஹை டென்சிட்டி” என்று மட்டும் அட்டையில் அச்சடித்திருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. 28-ஐயும் ஹை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எண்ணைக் கேளுங்கள். பில்லிலும் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அவர்கள் சொல்கிற எண் உண்மைதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதவே உட்கார்ந்தேன். எடை போட்டுப் பாருங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் இஞ்சில் அளந்து ஒன்றோடொன்று பெருக்குங்கள். வந்ததை டென்சிட்டியால் பெருக்கி 61,000-ஆல் வகுங்கள். கிடைப்பது அந்தத் துண்டு இருக்க வேண்டிய எடை, கிலோவில்.

24-க்கு 24, 4 இஞ்ச் உயரம் என்று ஒரு சீட் வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 2,304. டென்சிட்டி 32 என்றால் 1 கிலோ 200 கிராம் இருக்க வேண்டும். 40 என்றால் ஒன்றரைக் கிலோ. 23 என்றால் 870 கிராம்தான். ஆறடிக்கு மூன்றடி, 4 இஞ்ச் முழு ஷீட்டாக வாங்கினால் 32 டென்சிட்டிக்கு 5 கிலோ 400 கிராமும், 40 டென்சிட்டிக்கு 6 கிலோ 800 கிராமும் வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கால் கிலோ, அரைக் கிலோ என்று குறைந்தால் எண் பொய்.

தராசுக்கு எங்கே போவது என்று நினைக்க வேண்டாம். தெரு முனையில் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் எலக்ட்ரானிக் தராசு இருக்கும், ஒரு நிமிஷ வேலை. எடை போடும் முன் உயரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 4 இஞ்ச் என்று வாங்கியது மூன்றரைதான் இருக்கும் கதையும் உண்டு.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கிய புதிதில் 40 என்று சொல்லி ஒரு மொத்த வியாபாரி அனுப்பிய சரக்கை அப்படியே நம்பி, அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டுக்கு ஏழு சீட் போட்டுக் கொடுத்தேன். ஒரு வருஷம் முடியவில்லை, ஏழும் படுத்துவிட்டன. பழைய துண்டை வெட்டி எடை போட்டுப் பார்த்தபோது 28 கூட இல்லை. ஏழையும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். அன்றையிலிருந்து என் கடையில் வந்து இறங்கும் ஒவ்வொரு ஷீட்டும் தராசில் ஏறித்தான் உள்ளே போகிறது.

எடையிலும் ஒரு வேலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எடை கூட்டுவதற்காகக் கலவையிலேயே சுண்ணாம்புத் தூள் சேர்ப்பார்கள். எடை சரியாகக் காட்டும், பலம் இருக்காது. வெட்டிய பக்கத்தைக் கறுப்புத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் சின்னத் துணுக்கைப் பிய்த்துப் பாருங்கள். நல்ல ஃபோம் இழுபட்டுத்தான் கிழியும். தூள் கலந்தது ரஸ்க் மாதிரி உதிரும்.

எங்கள் வீட்டுக்கு எந்த டென்சிட்டி போதும்?

தினமும் உட்காரும் சீட்டுக்கு 32-க்குக் கீழே போகாதீர்கள். ஆட்கள் கனமானவர்கள், அல்லது பகலெல்லாம் டி.வி. முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வீடு என்றால் 40. முதுகு சாய்வதற்கு 23 அல்லது 28 போதும். முதுகு கொடுக்கும் பாரம் குறைவு, அங்கே கொஞ்சம் மெதுவாக இருப்பதுதான் சுகம். கைப்பிடி மேல் ஒட்டுவதற்கு எது மிச்சமிருக்கிறதோ அது.

சீட்டுக்கும் முதுகுக்கும் ஒரே ஃபோமை அடுக்கிக் கொடுக்கிற வேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை. முதுகில் மிச்சம் பிடிக்கிற பணத்தை சீட்டில் போடுங்கள்.

40 வாங்கினேன், ஆனால் கல் மாதிரி இருக்கிறதே?

டென்சிட்டி எடை, கடினம் என்பது வேறு குணம். இரண்டையும் கம்பெனியில் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியும். 40-லேயே மெதுவானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. வாங்கும்போது “40 சாஃப்ட்டா, 40 ஹார்டா” என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கடையில் எது கையில் கிடைத்ததோ அது வரும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். மேலே ஒரு இஞ்ச் மெதுவான 28-ஐ சொல்யூஷன் வைத்து ஒட்டி, சுற்றிலும் ரெக்ரான் பஞ்சு விரிப்பு போர்த்திவிட்டால் சரியாகிவிடும். சொல்லப்போனால் இந்த அடுக்கு முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கீழே 3 இஞ்ச் கெட்டி, மேலே ஒரு இஞ்ச் மெது. உட்காரும்போது சுகமாக இறங்கும், இறங்கியபின் தாங்கும்.

ஹெச்.ஆர். ஃபோம் என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். தேவையா?

ஹெச்.ஆர். என்பது நன்றாகத் துள்ளி எழும் ஃபோம். அறைகள் ஒரே அளவாக இல்லாமல் பெரிதும் சிறிதுமாக இருக்கும். அதனால் முதலில் மெதுவாக அமுங்கி, பாரம் ஏற ஏறக் கெட்டியாகத் தாங்கும். தினமும் புழங்கும் சோபாவுக்குக் கூடுதல் விலை தகும் என்பது என் எண்ணம். விருந்தாளி வந்தால் மட்டும் உட்காரும் முன்னறை சோபாவுக்குத் தேவையில்லை.

ஹெச்.ஆர். தானா என்று பார்க்க ஃபேக்டரியில் இரும்புக் குண்டைப் போட்டு எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று அளப்பார்கள். நாம் பையன்களின் கோலிக்குண்டை வைத்தே பார்க்கலாம். ஃபோமைத் தரையில் வைத்து, ஒன்றரை அடி உயரத்திலிருந்து குண்டை விடுங்கள். நல்ல ஹெச்.ஆர். என்றால் பாதி உயரத்துக்கு மேல் எழும்பும். சாதாரண ஃபோமில் பாதிக்குக் கீழேயே நின்றுவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால் கண்ணுக்கே தெரியும்.

மெமரி ஃபோம்?

1966-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவாக்கியது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு இறங்கும். சூட்டில் இளகும் பொருளைச் சித்திரை வெயிலில் வேகும் வீட்டில் சீட்டாகப் போட்டால் புதைந்து போவீர்கள். சோபாவுக்கு வேண்டாம்.

ரீபாண்டட் ரொம்ப எடையாக இருக்கிறதே. அப்படியென்றால் அது ரொம்ப நல்லதா?

வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பொடித்து, பசை கலந்து, அமுக்கிச் செய்வது ரீபாண்டட். பல நிறத்துணுக்குகள் ஒட்டிக்கொண்டு தெரியும். டென்சிட்டி 80, 100 என்று இருக்கும். இங்கே எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரே ஜாதி ஃபோமுக்குள்தான் எண்ணை ஒப்பிட வேண்டும். ரீபாண்டட் மட்டும் போட்டால் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடியில் ஒரு இஞ்ச், அதன்மேல் நல்ல ஃபோம் என்றால் பாரம் தாங்கும், தவறில்லை. பார்சலில் சுற்றி வரும் வெள்ளை இ.பி.இ. ஷீட்டை அடியில் வைத்து மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அமுங்கினால் எழும்பாத சரக்கு அது. ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க முடியாதபடி தைத்த குஷனை நான் வாங்க மாட்டேன்.

“டன்லப்தான் வேணும்” என்கிறார் அப்பா. அது இப்போதும் கிடைக்குமா?

நம் பெரியவர்கள் டன்லப் என்பது ரப்பர் பால் ஃபோமை. 1929-ல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனி ரப்பர் பாலை நுரைக்க வைத்து, அச்சில் ஊற்றி, வேகவைத்து எடுக்கும் முறையைக் கண்டது. கம்பெனிப் பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. இன்று அதை லேடெக்ஸ் என்று கேளுங்கள். ரப்பர் பால் நமக்குத் தூரத்துச் சரக்கு இல்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டி நாகர்கோவில், குலசேகரம் பக்கம் போனால் மலையடிவாரமெல்லாம் ரப்பர் மரம்தான்.

அப்பா சொல்வது சரியான விஷயம். நல்ல லேடெக்ஸ் சீக்கிரம் குழி விழாது, துள்ளல் நன்றாக இருக்கும், ஊசித் துளைகள் இருப்பதால் காற்றும் போகும். விலை அதிகம், எடையும் அதிகம். முழு சோபாவுக்கும் கட்டுப்படியாகாது என்றால், அப்பா உட்காரும் ஒற்றைச் சீட்டுக்கு மட்டும் லேடெக்ஸ் போடுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம். எல்லா சீட்டும் ஒரே சரக்காக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை, உறை ஒன்றுபோல் இருந்தால் போதும்.

வெயிலில் மட்டும் காட்டாதீர்கள். ரப்பர் வெடித்து உதிர்ந்துவிடும்.

இலவம்பஞ்சே உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்களே, சோபாவுக்கு அதைப் போடலாமா?

படுக்கைக்கும் தலையணைக்கும் அதற்கு ஈடு இல்லை. சோபா சீட்டில் பாரம் ஓரிடத்திலேயே விழுவதால் பஞ்சு திரளும், ஒதுங்கும். சாய்ந்துகொள்ளும் திண்டுக்குப் போடுங்கள், அருமையாக இருக்கும்.

வயதானவர்கள் எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறார்கள். குஷனை எத்தனை இஞ்ச் போட வேண்டும்?

பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் வீடுகளுக்குத்தான் நான் அதிகம் போகிறேன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஆச்சி. மகன் ஆசையாக வாங்கிப் போட்ட பெரிய சோபாவில் உட்காராமல், பட்டாசாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். “அதுல இருந்தா எந்திக்க முடியலப்பா, யாராவது கை கொடுக்கணும்” என்றார்கள். சோபாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட் மெதுவாக இருந்தது, புதைந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போனது.

பார்க்க வேண்டியது குஷனின் கனத்தை அல்ல, உட்கார்ந்தபின் தரையிலிருந்து நிற்கும் உயரத்தை. பெரும்பாலானவர்களுக்கு 17, 18 இஞ்ச் சரியாக வரும். பலகை 13 இஞ்சில் இருந்தால் 5 இஞ்ச் கெட்டி ஃபோம் போடுங்கள். உட்கார்ந்தால் ஒரு இஞ்ச் இறங்கும், கணக்கு சரியாகிவிடும். பலகை 15-ல் இருந்தால் 4 இஞ்ச் தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் கால் தொங்கும், கைப்பிடியும் தாழ்ந்து போகும். கைப்பிடிதான் வயதானவர்களுக்கு ஊன்றி எழுந்திருக்கும் ஊன்றுகோல்.

ஆச்சி வீட்டில் பழைய ஃபோமை எடுத்துவிட்டு 40 ஹார்ட் 5 இஞ்ச் போட்டு, முதுகுப் பக்கம் ஒரு திண்டு கூட்டி சீட்டின் ஆழத்தைக் குறைத்தேன். இப்போது அந்த சோபாவில்தான் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்கள்.

ஃபோம் புதிதாக மாற்றினேன். மறுபடியும் நடுவில் இறங்குகிறது.

குஷனைத் தூக்கிவிட்டு அடியைப் பாருங்கள். நாடா தளர்ந்திருக்கும், அல்லது நெளி ஸ்பிரிங் கிளிப்பை விட்டுக் கழன்றிருக்கும். அடி தளர்ந்தால் மேலே தங்கத்தையே போட்டாலும் நடுவில் இறங்கத்தான் செய்யும். முதலில் நாடாவை மாற்றுங்கள். தேக்கு, வாகை என்று செங்கோட்டைப் பக்கம் மரம் எடுத்து ஆசாரியிடம் செய்த பழைய சோபாக்களில் இந்தத் தொல்லை கிடையாது, அடியில் பலகையோ ரீப்பர் என்கிற மெல்லிய மரச் சட்டங்களோ இருக்கும். ரீப்பருக்கு இடையே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அதற்குள் பிதுங்கி அறுபடும். ஒரு பிளைவுட் வெட்டிப் போட்டு, காற்றுப் போக அதில் நாலைந்து துளை போடுங்கள்.

அளவு எப்படி எடுப்பது? உறை சுருங்கிச் சுருக்கமாகத் தெரியாமல் இருக்க என்ன செய்வது?

பழைய ஃபோமை அளக்காதீர்கள். அது தேய்ந்து சிறுத்திருக்கும். உறையைத் திருப்பிப் போட்டு, தையலிலிருந்து தையலுக்கு அளவெடுங்கள். ஃபோமை அதைவிட நீளத்திலும் அகலத்திலும் அரை இஞ்ச் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். திணித்துப் போட்டால்தான் உறை விறைப்பாக நிற்கும். வளைவு, மூலை வெட்டு உள்ள சீட் என்றால் தினத்தாளை விரித்து அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபோமுக்கும் உறைக்கும் இடையே காடா துணியில் ஒரு உள்ளுறை தைத்துவிடுங்கள். வெளியுறையைத் துவைக்கக் கழற்றும்போது ஃபோம் பிய்யாது. சிறு பிள்ளைகளோ, சிறுநீர் அடக்க முடியாத முதியவர்களோ இருந்தால் அந்த உள்ளுறையை நீர் புகாத துணியில் தையுங்கள். ஃபோமுக்குள் இறங்கிய நாற்றத்தை எடுக்க வழியே இல்லை.

ரெக்ஸின் நல்லதா, துணி நல்லதா?

நம் வெயிலுக்குத் துணிதான். ரெக்ஸினில் சட்டையில்லாமல் உட்கார்ந்து எழுந்தால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். தோல் மாதிரியே பளபளக்கும் மலிவான ரகங்கள் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியவும் செய்யும். துடைப்பதற்கு எளிது என்று ரெக்ஸினே போடுவதானால் அடிப்பக்கத்தை மட்டும் துணியாகவோ வலையாகவோ தைக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் தையல் வெடிக்கும். உவரி, திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் ஜிப்பை இரும்பில் போடாதீர்கள், உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். பிளாஸ்டிக் ஜிப் போதும்.

மாதம் ஒரு முறை குஷனை மொட்டைமாடியில் வெயிலில் போடுகிறோம். நல்லதுதானே?

பஞ்சு மெத்தைக்கு நல்லது. ஃபோமுக்குக் கெடுதல். நம் வீடுகளில் மெத்தையை வெயிலில் போடுவது பரம்பரைப் பழக்கம், அதை அப்படியே ஃபோமுக்கும் செய்துவிடுகிறோம். சூரிய ஒளி ஃபோமின் மேல்புறத்தை மஞ்சளாக்கி, பிறகு பொடிப்பொடியாக உதிர வைக்கும். உறையை வெயிலில் போடுங்கள். ஃபோமை ஃபேனுக்கு அடியிலோ நிழலில் காற்றோட்டமாகவோ சாய்த்து வையுங்கள்.

சும்மா மஞ்சளாவது வேறு. வெள்ளை ஃபோம் காற்றுப் பட்டே நாளாக நாளாக மஞ்சளிக்கும், பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. சாயம் போட்டு எந்த நிறத்திலும் செய்யலாம்.

மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கேயும், சாரல் மாதங்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கமும் இது வரும். சுவரை ஒட்டி சோபா போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வாரம் ஒருமுறை குஷனைத் தூக்கி நிறுத்தி வையுங்கள். திரும்ப வைக்கும்போது மேல்கீழாகவும், இடம் மாற்றியும் வைத்தால் தேய்மானமும் சமமாகும்.

தண்ணீர் கொட்டிவிட்டால் பிழியாதீர்கள், முறுக்கினால் ஃபோம் கிழியும். துண்டை வைத்து அமுக்கி அமுக்கி எடுத்து, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள்.

வெள்ளம் புகுந்த கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரையை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை என்று வீடுகளுக்குள் தண்ணீர். அடுத்த வாரமெல்லாம் நனைந்த குஷன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “காய வச்சு திரும்பப் போட்டுத் தாங்க அண்ணாச்சி, இப்ப காசுக்கு வழியில்ல” என்று கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். சாக்கடை கலந்த தண்ணீர் ஊறிய ஃபோம் வெளியே காய்ந்தாலும் உள்ளே காயாது, கிருமியும் பூஞ்சையும் தங்கிவிடும். உறையை வெந்நீரில் துவைத்து எடுத்துக்கொள்ளலாம், ஃபோமைக் கழிக்கத்தான் வேண்டும். மரச் சட்டம் நன்றாகக் காய்ந்தபிறகு புது ஃபோம் போடுங்கள். அதுவரை பாயை விரித்து உட்காருங்கள்.

புது ஃபோமில் வாடை வருகிறது. ஆபத்தா?

ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு மூன்று நாள் காற்றாட விடுங்கள், போய்விடும். ஒரு வாரத்துக்கு மேலும் கண் எரிகிற மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஃபோம் சீக்கிரம் தீப்பிடிக்குமா?

பிடிக்கும். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். பாலியூரித்தேன் பற்றினால் மளமளவென்று எரியும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். தீயைவிட அந்தப் புகைதான் ஆளை முதலில் சாய்க்கும். கொசுவர்த்திச் சுருளை சோபாவுக்கு அடியில் வைக்காதீர்கள். கார்த்திகைக்கு அகல் ஏற்றும்போது சோபா கைப்பிடியிலோ பக்கத்து ஸ்டூலிலோ வைக்காதீர்கள். பழைய ஃபோமைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் வேண்டாம்.

வெளியூரிலிருந்து ஆன்லைனில் பெற்றோருக்கு சோபா வாங்குகிறேன். தொட்டுப் பார்க்க முடியாதே?

எழுத்தில் கேளுங்கள். சீட் ஃபோம் எந்த ரகம், டென்சிட்டி எத்தனை, எத்தனை இஞ்ச், அடியில் நாடாவா ஸ்பிரிங்கா, ஜிப் திறக்குமா, உட்காரும் உயரம் எவ்வளவு. பதில் எண்ணாக வரவேண்டும். “பிரீமியம்”, “லக்சுரி” என்று பதில் வந்தால் அது பதிலே இல்லை. வந்து இறங்கியதும், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள், யாராவது ஒருவரை விட்டு ஒரு சீட்டின் ஜிப்பைத் திறந்து எடை போட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ பத்து நிமிஷம் உட்கார்ந்து, யார் கையும் பிடிக்காமல் எழுந்திருக்கும் ஒரு வீடியோவும் கேட்டு வாங்குங்கள். “நல்லாத்தாம்ல இருக்கு” என்று போனில் சொல்லிவிடுவார்கள். பிள்ளை காசு போட்டு வாங்கியதைக் குறை சொல்ல அவர்களுக்கு மனசு வராது.

எப்போது மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ராத்திரி யாரும் உட்காராமல் கிடந்த சீட்டைக் காலையில் பாருங்கள். குழி அப்படியே இருந்தால் காலம் முடிந்தது. 4 இஞ்சாக வாங்கியது மூன்றரைக்குக் கீழே போயிருந்தாலும் அப்படியே. உறை நன்றாக இருக்கிறது என்றால் ஃபோமை மட்டும் மாற்றுங்கள், குழிந்த சீட்டுகளை மட்டும். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், ரீபாண்டட் செய்கிறவர்கள் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.